ஆளற்ற வீடும் வீடற்ற ஆளும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கட்டுவதன் அருமையைக் கூறிய அப்பழமொழி, கட்டிய வீட்டைக் காப்பதன் அருமையைக் கூறவில்லை. கூறவேண்டிய தேவை அக்காலத்தில் எழவில்லை போலும்! தந்தை கட்டிய வீட்டை மகள் சீதனமாகப் பெற்று அதில் வாழ்ந்தாள். அவளுக்குப் பின் அவள் மகள் வாழ்ந்தாள். ஆள் இருந்தமையால் வீடும் இருந்தது. இன்றோ நிலைமை முற்றும் மாறிவிட்டது.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகச் சென்று, அல்லைப்பிட்டி, வேலணை ஆகிய ஊர்களைக் கடந்து, கடலை ஊடறுத்துச் செல்லும் மற்றொரு நீண்ட தாம்போதியையும் தாண்டினால் புங்குடுதீவை அடையலாம். அத்தீவின் ஊர்களுள் ஒன்று இறுப்பிட்டி. அங்கும் அயலூர்களிலும் பனங்கூடல்களுக்கிடையே கூரையிழந்த பெருவீடுகள் பல நிற்கின்றன. நிலையும் கதவும் போயின. முற்றத்தில் எருக்கலையும் நாயுருவியும் மண்டிக் கிடக்கின்றன. சுவரின் உச்சியில் ஆலங்கன்று வேரூன்றி நிற்கின்றது. யாழ்ப்பாண நகரத்திலோ பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்வளவுகளில் மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. தீவிலே வீடு உண்டு, ஆள் இல்லை. நகரிலே ஆள் உண்டு, பழைய வீட்டுக்கு இடமில்லை. இவற்றுக்கு நடுவே, சொந்தக் காணியோ உறுதியான கூரையோ இல்லாத குடும்பங்களும் இதே மாவட்டத்தில் வாழ்கின்றன.

இம்மூன்றையும் வேறுவேறு செய்திகளாகவே நாம் பேசி வருகிறோம். பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்திற் பேசுகிறோம். வீட்டுத்திட்டம் வேண்டும் என்று மற்றொரு கூட்டத்திற் கேட்கிறோம். சற்றே சிந்திப்பின் இவை ஒரே பணி என்பது விளங்கும். குடியிருப்போர் இல்லாத பழைய வீட்டை எந்தச் சட்டமும் காத்துவிட முடியாது. செப்பனிட்டுக் குடியேற்றப்படும் ஒவ்வொரு பழைய வீடும் நாட்டுக்குக் கிடைத்த ஒரு புதிய வீடேயாகும்.

கல்லும் சுண்ணாம்பும்

நம் பழைய வீடுகள் எவ்வாறு அமைந்தன என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். அவற்றுட் சிறந்தது நாற்சார் வீடு. நடுவே வானம் பார்த்த முற்றம். அதன் நான்கு புறமும் விறாந்தை. விறாந்தைக்கு அப்பால் அறைகள். தெருப் பக்கத்திலே வழிப்போக்கர் நின்று இளைப்பாறச் சிறு கூரையுடன் கூடிய சங்கடப் படலை. கூரையின் சரிவு முற்றத்தை நோக்கியும் வெளியை நோக்கியும் அமையும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே செல்ல, விறாந்தையின் நிழலிலே குளிர்ந்த காற்று அறைகளுட் புகும். சோளகக் காற்றின் புழுதியையும் வாடைக் காற்றின் மழையையும் ஒருங்கே எண்ணி வகுக்கப்பட்ட அமைப்பு இது.

கட்டுபொருள்களும் ஊரிலேயே கிடைத்தவை. நிலத்தை அகழ்ந்தால் சுண்ணக்கல், கரையோரத்திலே முருகைக்கல். அவற்றையே அடுக்கிச் சுவர் எழுப்பினர். அவற்றையே சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சாந்து குழைத்தனர். வைரம் பாய்ந்த பனை கைமரமும் சலாகையுமாயிற்று. செல்வர் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் மாத்திரமே வெளியூர் மரம் வந்தது.

சுண்ணாம்புச் சாந்தின் இயல்பை இங்கே சிறிது விளக்குதல் தகும். சுண்ணக்கல்லைச் சுடும்போது அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறி, நீற்றாத சுண்ணாம்பு எஞ்சுகிறது. நீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்துக் குழைத்துச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவைப் பல காலம் சிறிது சிறிதாக உட்கொண்டு மீண்டும் சுண்ணக்கல்லாக மாறுகிறது. எனவே, ஆண்டு செல்லச் செல்ல அச்சுவர் இறுகுகிறது. அன்றியும், அது நீராவியை உள்ளே தேக்கி வையாது வெளியே விடும் தன்மையது. உப்புக் காற்று வீசும் தீவிலே இஃது ஒரு பெரும் பேறு. இத்தகைய சுவரின்மேல் சீமெந்துப் பூச்சைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லை உதிர்க்கிறது. பழைய வீட்டைப் ‘பலப்படுத்துவதாக’ எண்ணிச் சீமெந்து பூசியோர், சில ஆண்டுகளில் பூச்சோடு சேர்ந்து கல்லும் பெயர்வதைக் கண்டிருப்பர். சீமெந்து தன்னளவில் தீய பொருளன்று. சேரத்தகாத இடத்திற் சேர்ந்தமையே குற்றம்.

பழமை என்னும் ஒரு காரணத்தாலேயே எல்லாம் நல்லனவாகிவிடா என்பதையும் மறைக்காது கூறவேண்டும். அடுக்களையிலே புகை சூழ்ந்தது. அங்கேயே பெண்களின் வாழ்நாள் கழிந்தது. எவர் திண்ணை வரை வரலாம், எவர் படலைக்கு வெளியே நிற்கவேண்டும் என்ற கொடிய வரம்புகளும் அந்த வீடுகளிலே இருந்தன. கல்லையும் காற்றோட்டத்தையும் காப்போமாக. அந்த வரம்புகளைக் காக்க வேண்டியதில்லை.

வீடுகள் வெறுமையான வரலாறு

புங்குடுதீவு நன்னீர் அரிதான தீவு. வேளாண்மையால் மாத்திரம் வாழ இயலாமையால் அத்தீவினர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து வணிகம் செய்தனர். அவ்வணிகத்தின் ஊதியமே ஊரிலே கல்வீடாக எழுந்தது. தலைவன் கடையில், குடும்பம் ஊரில் என்றவாறு ஒரு வாழ்க்கை முறை நிலைபெற்றது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் அக்கடைகளைத் தாக்கின. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே தீவுப் பகுதியில் நிகழ்ந்த படை நடவடிக்கைகளின்போது மக்களிற் பெரும்பாலோர் வீடுகளைப் பூட்டிவிட்டுக் குடாநாட்டுக்குப் போயினர். அங்கிருந்து வன்னிக்கும் கொழும்புக்கும், பின்னர்க் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்கும் பிரிந்து சென்றனர்.

ஆளற்ற வீடு முதலில் இழப்பது கூரையை. ஓடும் கைமரமும் கதவும் நிலையும் கழற்றப்பட்டுப் போயின. கூரை போனபின் மாரி மழை சுவரின் தலையிலே நேராக விழுகிறது, சாந்து கரைகிறது, பறவை இட்ட எச்சத்திலிருந்து ஆலும் அரசும் முளைத்து வேரால் கல்லைப் பிளக்கின்றன. போரின் குண்டுக்குத் தப்பிய சுவர்களும் இவ்வாறு மழைக்கும் வேருக்கும் இரையாயின.

புதிய வீடுகள் கற்பித்த பாடம்

2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் வீடு கட்டும் பணி பெருமளவில் நிகழ்ந்தது. அவற்றுட் பெரியது இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டம். அதிற் பெரும்பகுதி, பயனாளிகள் தாமே நின்று வீட்டைக் கட்டும் முறையில் நடந்தது. புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும், சேதமுற்ற வீட்டைத் திருத்துவதற்கு 250,000 ரூபாவும் தவணை முறையில் வழங்கப்பட்டன. திருத்தமும் ஒரு வீட்டுத்திட்டமே என்பதை ஏற்றுக்கொண்ட இவ்விரண்டாம் ஏற்பாடு நம் சிந்தனைக்கு உரியது. புதிய வீட்டுக்கு அளித்ததிற் பாதிக்கும் குறைந்த பணத்தில், நிற்கும் சுவரைக் கொண்டே ஒரு குடும்பத்துக்கு நிழல் தரலாம் என்பது அதன் கருத்தன்றோ? எனினும், பொருள்களின் விலையேற்றத்தால் உதவிப் பணம் போதாது கடன்பட்ட குடும்பங்கள் உண்டு. காணி இல்லாதோரும் உறுதி இல்லாதோரும் இத்தகைய திட்டங்களிற் சேர்வது அரிதாயிற்று.

பின்னர், 2016ஆம் ஆண்டளவில், 65,000 வீடுகளை இரும்பினால் ஆன ஆயத்த வீடுகளாக நிறுவும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. வெப்பம் மிக்க நாட்டுக்கு அவை ஏற்றவையா, கடற்காற்றிலே துருப்பிடியாவோ, குடும்பம் பெருகும்போது ஓர் அறை கூட்டிக் கட்ட இயலுமா, ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைக்குமா என்றெல்லாம் பொறியியலாளரும் பொதுமக்களும் வினவினர். அத்திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. அவர்கள் எழுப்பிய வினாக்களோ என்றும் பயன்படுவன. எந்தப் புதிய வீட்டைப் பார்த்தும் அந்நான்கையும் நாம் கேட்கலாம்.

கொங்கிறீற்று வீட்டுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். கடலோரத்தில் உப்பு, கொங்கிறீற்றின் நுண்ணிய துளைகளினூடே சென்று இரும்புக் கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. பருத்த கம்பி தன்னைச் சூழ்ந்த கொங்கிறீற்றை வெடிக்கச் செய்கிறது. நன்னீர் கிடையாத இடத்தில் உவர்நீரிற் குழைத்தாலோ, கம்பிக்குமேல் போதிய தடிப்பு விடாமற் கட்டினாலோ, இருபது முப்பது ஆண்டுகளிலேயே தட்டிலிருந்து காரை உதிர்வதைக் காணலாம். கம்பியே இல்லாத பழைய கற்சுவருக்கு இந்நோய் இல்லை.

கல் பிழைத்தது, குடும்பம் பிழைத்ததா?

நகரத்துப் பெருங்கட்டடங்களின் கதையையும் இங்கு ஒப்பிட்டு நோக்குவோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு தொடங்கி எரியூட்டப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக அவ்வாறே விட்டுவிட வேண்டும் என்று ஒரு சாராரும், மீண்டும் நூலகமாக்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் கூறினர். இரு கருத்திலும் நியாயம் இருந்தது. முடிவிலே கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. இன்று நம் மாணவர் அதில் இருந்து படிக்கின்றனர். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையும் போரிலே பெருஞ்சேதமுற்றது. அதனுள் 1706இல் எழுந்த சிலுவை வடிவத் தேவாலயம் முற்றாக அழிந்தது. நெதர்லாந்தின் உதவியுடன் கோட்டை மதில்களின் திருத்தப்பணி போருக்குப் பின் தொடங்கப்பட்டது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டை, ஒரு காலத்திற் சிறைச்சாலையாக இருந்தது. பின்னர்க் கடற்படையினரால் உல்லாச விடுதியாக்கப்பட்டது.

இவை பிழைத்தன, ஏனெனில் இவற்றுக்குப் பணம் ஒதுக்க ஓர் அரசோ சபையோ படையோ இருந்தது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைத் தொன்மை வாய்ந்தன எனக் கொள்கிறது. இறுப்பிட்டியில் ஒரு வணிகர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய வீட்டை யார் காப்பது?

பணம் உள்ளோர் வந்து வாங்கிக் காத்துவிடுவர் என்று சிலர் கூறுவர். அதன் விளைவையும் உலகிற் கண்டிருக்கிறோம். காலிக் கோட்டை நகரம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. பின்னர் அங்குள்ள பழைய வீடுகள் பல வெளிநாட்டார் கைக்கு மாறி விடுதிகளாயின. மலேசியாவின் பினாங்குத் தீவிலே, தமிழரும் சீனரும் நெருங்கி வாழ்ந்த ஜோர்ச்சு டவுன் நகரில் வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுடன் நீங்கியது; 2008இல் அந்நகரமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. வாடகை ஏறவே, தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களும் சிறு கைவினைஞரும் வெளியேறினர். சுவர் அழகாயிற்று, ஆனால் மாலையில் விளக்கேற்ற வீட்டார் இல்லை. புதுச்சேரியின் வைசியாள் தெருவிலோ வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளின் முகப்பை, அவ்வீடுகளின் சொந்தக்காரரையும் சேர்த்துக்கொண்டே செப்பனிட்டனர். அம்முயற்சி 2008இல் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றது. வீடு வீடாகவே இருத்தல்தான் அதற்கு ஏற்ற காவல் என்பதே இவற்றால் நாம் அறிவது.

பங்கு என்னும் பூட்டு

அவ்வாறாயின் இறுப்பிட்டி வீடுகள் ஏன் திறக்கப்படவில்லை? பணமின்மை மாத்திரம் காரணம் அன்று. பெரிய பூட்டு உறுதியிலே இருக்கிறது. ஒல்லாந்த ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவிலே தொகுக்கப்பட்ட தேசவழமை இன்றும் நம் காணி உரிமைகளை ஆள்கிறது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என அது சொத்தை வகுக்கிறது. பங்காளி ஒருவர் தம் பங்கை விற்க விரும்பின், ஏனைய பங்காளிகளுக்கே முதலில் அதனை அளிக்க வேண்டும். ஊரிலே எல்லோரும் ஒருங்கே வாழ்ந்த காலத்தில் இது குடும்பச் சொத்தை அயலார் கைக்குப் போகாமற் காத்தது. இன்றோ, ஒருவர் விட்டுச்சென்ற வீடு ஆறு பிள்ளைகளுக்கும், அவர்தம் பிள்ளைகள் நால்வர் நால்வராக இருபத்துநான்கு பேருக்கும் உரியதாகிறது. அவர்கள் ஐந்து நாடுகளில் வாழ்கின்றனர். ஒருவரையொருவர் கண்டறியாதோரும் உளர். ஓடு மாற்ற எல்லோருக்கும் விருப்பம் உண்டு. பணம் கொடுக்க எவருக்கும் மனமில்லை. பலர்க்கு உரிய வீடு எவருக்கும் உரித்தாகாது கிடக்கின்றது.

இரண்டாவது பூட்டு அச்சம். ஒருவரை வீட்டில் இருத்தினால், பத்தாண்டின் பின் ஆட்சியுரிமை கூறிச் சொந்தமாக்கிக்கொள்வாரோ என்ற ஐயம் வெளிநாட்டில் வாழும் உரிமையாளரிடம் உண்டு. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. எனினும், உரிமையாளரின் அனுமதியுடன் இருப்பவர், அனுமதியை மறுத்து எதிராக ஆண்டவர் ஆகார் என்பதே சட்டத்தின் நிலை. எனவே, நொத்தாரிசு முன் எழுதிய ஒப்பந்தம் இருவருக்கும் அரணாகும். போரினாற் காணியைப் பராமரிக்க இயலாது போனோர்க்காக 2016இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றோர் இலங்கையிற் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வழியுரிமையாகப் பெறுவதை அது தடுப்பதில்லை. ஆதலின், பங்கை ஒருவர் பெயருக்கு மாற்றக் கருதுவோர் முதியோர் உயிருடன் உள்ளபோதே வழக்கறிஞரை நாடுதல் நன்று.

மூன்றாவது பூட்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இன்று காணியற்று இருப்போருட் பலர், சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகக் காணி மறுக்கப்பட்டோர். “யாரை இருத்துவது?” என்ற வினா எழும்போது, பணத்தையும் சட்டத்தையும் விடப் பழைய வரம்பே முன்வந்து நிற்கின்றது. வீடு இடிந்து மண்ணாகட்டும், இன்னார் குடியிருக்கக் கூடாது என்று எண்ணுவோமாயின், நாம் காக்க விரும்புவது மரபை அன்று.

கோயில் காட்டும் வழி

இதே தீவிலே கோயில்கள் பொலிவுடன் விளங்குகின்றன. வெளிநாட்டில் வாழும் அடியார் பொருளை மனமுவந்து அளிக்கின்றனர். இதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கோயிலைக் காத்த முறையையே வீட்டுக்கும் கொள்ளலாகாதா என்பதே நம் வினா. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாலத்தாபனம் செய்து, திருப்பணி முடித்து, கும்பாபிடேகம் ஆற்றவேண்டும் என்பது விதி. பக்தியும் பராமரிப்பும் ஒருங்கே அமைந்த விதி அது. பழுது பெருகுமுன் பார்க்க வைக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் ஒருமுறையாவது கல்லையும் சுண்ணாம்பையும் தொட வைக்கிறது. சிற்பிக்கும் கொத்தருக்கும் வேலை தந்து அக்கலையை அழியாது வைக்கிறது. குடும்பங்களும் தம் பூர்வீக வீட்டுக்கு இவ்வாறு ஒரு தவணை வகுத்தால் என்ன?

செய்யத்தக்கன சில கூறி இக்கட்டுரையை நிறைவுசெய்வோம். முதலாவது, கூரை. முழுவதும் திருத்தப் பணமில்லையாயினும், சுவரின் தலையை மூடி, நீர் வழிந்தோட வகை செய்து, ஆலங்கன்றுகளை வேரோடு அகற்றினால் சுவர் இன்னும் பல ஆண்டு பொறுத்திருக்கும். இரண்டாவது, சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே கொள்ளுதல். அவ்வேலை தெரிந்த முதிய மேசன்மாரிடம் இளைஞர் அதனைக் கற்றல். மூன்றாவது, பங்காளிகள் ஒன்றுகூடி ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் அளித்து, ஐந்தோ பத்தோ ஆண்டுக்கு ஒரு குடும்பத்தை எழுத்து மூலம் இருத்துதல்; குடியிருப்பவர் வாடகைக்கு ஈடாக வீட்டைச் செப்பமாக வைத்திருத்தல். நான்காவது, மீட்க இயலாதவாறு சிதைந்த வீடுகள் பலவுண்டு. அவற்றின் கல்லைப் பயன்படுத்திப் புதிய வீடு எழட்டும். அப்புதிய வீட்டிலும் விறாந்தையும் முற்றமும் காற்று வரும் வழியும் இருக்கட்டும்.

மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஓர் அளவு நாடாவும் கொப்பியும் எடுத்துச் செல்க. உங்கள் பாட்டனார் பிறந்த வீட்டின் நீள அகலத்தை அளந்து வரைபடம் எழுதுக. எந்த மரம், எந்தக் கல், யார் கட்டியது, யார் யார் வாழ்ந்தனர், இன்று பங்காளிகள் எங்கெங்கே உள்ளனர் என்று முதியோரிடம் கேட்டுக் குறித்து வைக்குக. பங்காளிகளின் பெயரும் முகவரியும் அடங்கிய அந்த ஒரு தாள், பிற்காலத்தில் வழக்கு மன்றத்துக்குச் செல்லவேண்டிய தேவையையே நீக்கிவிடக்கூடும். வெளிநாட்டிலே பிறந்த மைத்துனருக்கும் மைத்துனிக்கும் அதன் படியொன்றை அனுப்புக. பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த குடும்பங்கள் பேசத் தொடங்குவதற்கு ஓட்டின் விலையைக் காட்டிலும் ஏற்ற பொருள் வேறில்லை.